இருக்கையும் குரலும்: ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகக் குழுக்களில் மாணவர் பிரதிநிதித்துவமும் அதை நெறிப்படுத்தும் பொறுப்பாளரும் (1858–2016)

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக ஆட்சியில் மாணவர்க்கு இடம் வேண்டும் என்னும் கோரிக்கை 1968ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளோடு தோன்றியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தில் அவ்விடம் 1858ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் வழங்கப்பட்டது. ஆயினும் அவ்விருக்கை மாணவர் குரலாக மாற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இத்தாமதத்திற்கான காரணங்களையும், குழுக்களில் மாணவர் பிரதிநிதித்துவத்தை நெறிப்படுத்தும் மாணவர் அமைப்பின் கல்விப் பொறுப்பாளர் இன்று பெற்றுள்ள இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாணவர் பிரதிநிதித்துவம், ரெக்டர், ஆட்சிமன்றம், கல்விப் பேரவை, கல்வித் துணைத் தலைவர்

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கு எத்தனை இடங்கள் உள்ளன என்பதை அதன் சட்டவிதிகளைப் புரட்டி அறிந்துவிடலாம். அவ்விடங்களில் அமர்ந்தவர்கள் முடிவுகளை மாற்ற முடிந்ததா என்பதை அவ்விதிகள் உரைப்பதில்லை. குழு உறுப்பினரை நியமிப்பவர் யார், கூட்டத்திற்குத் தலைமை ஏற்பவர் யார், விவாதத்திலிருந்து விலக்கப்படும் பொருள்கள் யாவை, ஆண்டுதோறும் மாறும் உறுப்பினர்களுக்கிடையே அனுபவ அறிவைக் கைமாற்றுபவர் யார் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காணும்போதே பிரதிநிதித்துவத்தின் உண்மை நிலை புலப்படும். ஏறத்தாழ 160 ஆண்டுக்கால ஸ்காட்லாந்து வரலாற்றில் இவ்வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துள்ளன.

1. இடம் இருந்தது, அமர்ந்தவர் மாணவரல்லர்

செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகிய நான்கும் ஸ்காட்லாந்தின் தொன்மைப் பல்கலைக்கழகங்கள் எனப்படும். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 1858 இவற்றில் ஆட்சிமன்றம் என்னும் நிர்வாக அவையை உருவாக்கியது. மாணவரால் தேர்ந்தெடுக்கப்படும் ரெக்டர் அவ்வவையின் தலைவரானார். கிளாஸ்கோ போன்ற இடங்களில் மாணவர் ரெக்டரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பழமையானது. எடின்பரோவிற்கு அது புதியது. அங்கு 1859இல் முதல் ரெக்டராகத் தேர்வானவர் பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன் ஆவார்.

அதற்குப் பின் தேர்வானோர் பட்டியல் அக்கால அரசியல், இலக்கிய உலகத்தின் பெயர்ப்பட்டியல் போலவே அமைந்தது. எடின்பரோவில் தாமஸ் கார்லைல், செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜான் ஸ்டூவர்ட் மில், கிளாஸ்கோவில் பெஞ்சமின் டிஸ்ரேலி, பிற்காலத்தில் எடின்பரோவில் வின்ஸ்டன் சர்ச்சில் ஆகியோர் ரெக்டராயினர். பதவியேற்பு உரைகளுக்காகவே இவர்களுட் பலர் நினைவுகூரப்படுகின்றனர்; ஆட்சிமன்றக் கூட்டங்களில் ஆற்றிய பணிக்காக அல்ல. தம் நலனைக் காக்க மாணவர் பெற்ற வாக்குரிமை, புகழ்பெற்ற ஒருவருக்குச் செலுத்தும் மரியாதையாகவே நெடுங்காலம் பயன்பட்டது.

2. மாணவர் பிரதிநிதிகள் மன்றமும் விண்ணப்ப உரிமையும்

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே மாணவர் பிரதிநிதிகள் மன்றம். எடின்பரோவில் 1884இல் தொடங்கிய இவ்வமைப்பு பிற தொன்மைப் பல்கலைக்கழகங்களுக்கும் விரைவில் பரவியது. 1889ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சட்ட ஏற்பளித்தது. மாணவர் நலனைப் பேணுதல், மாணவர்க்கும் பல்கலைக்கழக அதிகாரிகளுக்கும் இடையே முறையான தொடர்பாக விளங்குதல், மாணவரிடையே ஒற்றுமை வளர்த்தல் ஆகியன அதன் பணிகளாக வரையறுக்கப்பட்டன. கற்பித்தல், ஒழுங்கு பற்றிக் கல்விப் பேரவைக்கும், ஏனையவை பற்றி ஆட்சிமன்றத்திற்கும் அது விண்ணப்பிக்கலாம்.

இங்கு ‘விண்ணப்பம்’ என்னும் சொல் கருதத்தக்கது. விண்ணப்பிப்பவர் முடிவெடுக்கும் அவைக்கு வெளியே நிற்பவர். அவர் விண்ணப்பத்தை உள்ளிருப்போர் படித்து முடிவு செய்வர். ஆட்சிமன்றத்தில் அசெசர் என்னும் உறுப்பினர் ஒருவரை நியமிக்கும் உரிமை ரெக்டருக்கு உண்டு. அந்நியமனத்திற்கு முன் அவர் மாணவர் மன்றத்தைக் கலந்தாலோசிக்கலாம் என்றது சட்டம். ஆலோசிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. இவ்வாறு, நியமனத்தில் மாணவர் அமைப்பு தலையிடுவதற்கான முதல் வாயில் ரெக்டரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே திறக்கப்பட்டது.

3. 1968: மூன்று எல்லைகள்

இவ்வமைப்பின் குறை 1968 ஜனவரியில் வெளிப்பட்டது. பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கருத்தடை மாத்திரை கிடைக்க வேண்டும் என்னும் எடின்பரோ மாணவர் மன்றத்தின் கோரிக்கையை ஆதரிக்க ரெக்டர் மால்கம் மகரிட்ஜ் மறுத்துப் பதவி விலகினார். கோரிக்கையின் தகுதி ஒருபுறமிருக்க, மாணவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாணவர் கருத்தை ஆட்சிமன்றத்தில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவரா என்னும் வினா அப்போது கூர்மையாக எழுந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் துணைவேந்தர்கள் குழுவும் தேசிய மாணவர் ஒன்றியமும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. அது பல்கலைக்கழக முடிவுகளை மூவகையாகப் பிரித்தது. மாணவர் நலன் சார்ந்த முடிவுகளில் மாணவர் வெவ்வேறு அளவில் பங்கேற்கலாம். பாடத்திட்டம், கற்பித்தல் ஆகியவற்றில் மாணவர் கருத்து உரியவாறு கருதப்பட வேண்டும்; இறுதி முடிவு சட்டப் பொறுப்புடைய அவைகளுக்கே உரியது. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, தனிமாணவர் சேர்க்கை, மதிப்பீடு ஆகியவற்றில் மாணவர் இருத்தல் பொருந்தாது.

இப்பிரிவினை மாணவர்க்குக் குழுக் கதவுகளைத் திறந்தது; எந்தெந்தப் பொருள் வரும்போது அவர்கள் வெளியேற வேண்டும் என்பதையும் வகுத்தது. இரகசியம் காக்க வேண்டிய தனிமனிதர் விவரங்களை விலக்குவதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பொருள் எந்த வகையைச் சார்ந்தது என்று தீர்மானிப்பவர் கூட்டத் தலைவரே. எனவே தலைமை பற்றிய போராட்டம் தவிர்க்க முடியாததாயிற்று.

4. தலைமை பற்றிய வழக்கு

எடின்பரோ மாணவர் 1971இல் முதன்முறையாக ஒரு மாணவரையே ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் ஜானதன் வில்ஸ். அடுத்த ஆண்டு பின்னாளைய பிரதமர் கோர்டன் பிரவுன் தேர்வானார். 1975 வரை பதவியில் இருந்தார். ஆட்சிமன்றத்திற்குத் தலைமை ஏற்கும் சட்ட உரிமையை அவர் வழக்கமாகவே பயன்படுத்தினார். அவ்வுரிமையை நீக்கப் பல்கலைக்கழகம் முயன்றது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பிரவுனின் தலைமை உரிமை நிலைத்தது.

1858ஆம் ஆண்டு விதி 1972இலும் அவ்வாறே இருந்தது. அதைக் கையாண்டவர் மட்டுமே மாறினார். பெருமக்கள் வகித்தபோது எவரையும் உறுத்தாத உரிமை, மாணவர் ஒருவர் கைக்கு வந்ததும் நீக்கப்பட வேண்டியதாகத் தோன்றியது. நிகழ்ச்சி நிரலை முறைப்படுத்துபவர் கையிலேயே பிரதிநிதித்துவத்தின் வலிமை பெரிதும் அடங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

5. கல்விப் பொறுப்பாளரின் எழுச்சி

குழுக்களில் மாணவர் இடங்கள் பெருகியபின், அவற்றை நிரப்புவதும் ஒருங்கிணைப்பதும் தனிப்பொறுப்பாயின. இப்பொறுப்பை ஏற்பவர் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கல்வித் துணைத் தலைவர் என்றும், செயின்ட் ஆண்ட்ரூஸில் கல்வி இயக்குநர் என்றும் அழைக்கப்படுகிறார். மாணவர் வாக்கால் தேர்வாகி, ஓராண்டு ஊதியத்துடன் முழுநேரப் பணியாற்றுபவர் இவர். பாடவகுப்பு முதல் பல்கலைக்கழக மட்டக் குழுக்கள் வரை பரவியுள்ள பிரதிநிதிகளைப் பயிற்றுவித்தல், குழு ஆவணங்களை முன்கூட்டிப் படித்துப் பொது நிலைப்பாட்டை உருவாக்குதல், ஒரு குழுவில் மறுக்கப்பட்டதை உரிய மற்றொரு குழுவிற்குக் கொண்டுசெல்லுதல் ஆகியன இப்பணியின் உள்ளடக்கம்.

இங்கு நான்காம் வினா எழுகிறது. பேராசிரியர் ஒருவர் ஒரே குழுவில் பத்தாண்டுகள் இருக்கக்கூடும்; மாணவ உறுப்பினர் குழுவின் நடைமுறையை அறிந்துகொள்ளும்போதே அவரது ஆண்டு முடிந்துவிடுகிறது. மாணவர் ஒன்றியத்தில் ஊதியமுள்ள தேர்தல் பதவியை ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வகிக்கலாகாது என்று கல்விச் சட்டம், 1994 விதித்தது. தனியதிகாரம் வேரூன்றாமல் இவ்விதி தடுக்கிறது; அனுபவம் வேரூன்றுவதையும் அதுவே தடுக்கிறது. ஆகவே முன்னவர் விட்டுச்செல்லும் குறிப்புகளும், ஒன்றியத்தின் நிரந்தர ஊழியர்களும், பயிற்சியும் இன்றியமையாதனவாகின்றன. 2003இல் நிறுவப்பட்ட ஸ்பார்க்ஸ் என்னும் தேசிய அமைப்பு பாடவகுப்புப் பிரதிநிதிகளின் பயிற்சியை ஏற்றது இத்தேவையின் விளைவே.

6. 2016ஆம் ஆண்டுச் சட்டம்

ஸ்காட்லாந்து உயர்கல்வி ஆட்சிமுறைச் சட்டம், 2016 நிர்வாக அவையில் மாணவர் ஒன்றியம் முன்மொழியும் இருவர் இடம்பெற வேண்டும் என்றது. கல்விப் பேரவையில் பொதுவிதியாகக் குறைந்தது 10 விழுக்காட்டினர் மாணவராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. 1889இல் ரெக்டர் விரும்பினால் கேட்டறியக்கூடிய ஆலோசனையாக இருந்தது, 2016இல் மாணவர் ஒன்றியத்தின் முன்மொழியும் உரிமையாயிற்று. முதல் வினாவிற்குச் சட்டம் தெளிவான விடை தந்துவிட்டது. ஏனைய மூன்றும் இன்றும் பெருமளவு நடைமுறையிடமே விடப்பட்டுள்ளன. மாணவர் ஒன்றியம் முன்மொழியலாம் என்னும் சட்டம், முன்மொழியப்பட்டவரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பாளரைப் பற்றிப் பேசவில்லை.

முடிவுரை

ஸ்காட்லாந்தின் வரலாறு இருக்கை முன்னும் குரல் பின்னுமாக வந்த வரலாறு. இவற்றிடையே நீண்ட காலத்தைச் சட்டத்தின் குறையாக மட்டும் விளக்க இயலாது. இருந்த உரிமையைத் தொடர்ந்து கையாளும் அமைப்பு மாணவரிடம் உருவாகாமையும் அதற்குக் காரணமாகும். கல்விப் பொறுப்பாளரின் பணி அவ்வமைப்பின் மையம். அப்பணியின் பெரும்பகுதி கூட்டக் குறிப்பேடுகளில் பதிவாவதில்லை. அதனால் மாணவர் பிரதிநிதித்துவத்தை ஆராய்வோர் ஆட்சிமன்றப் பதிவேடுகளோடு நிறைவடையாது, மாணவர் மன்றங்களின் ஆவணங்களையும், பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்புகளையும், பயிற்சிக் கையேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும். இருக்கைகளின் எண்ணிக்கை காட்டாத வளர்ச்சியையும் தேக்கத்தையும் அவற்றிலேயே காண இயலும்.