பழைய பார்பி பொம்மைகள்: காலமும் மதிப்பும்

அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய பார்பியின் விலை அப்போது 3 டாலர். உருவாக்கியவர் ரூத் ஹேண்ட்லர். ஜெர்மனியின் லில்லி பொம்மையே முன்மாதிரி.

முதல் வகையை அறியப் பாதங்களைப் பார்க்க வேண்டும்: தாங்கியில் நிறுத்துவதற்கான துளைகளும் அவற்றுள் செப்புக் குழாய்களும் இருக்கும். கருவிழியில் நிறமில்லாமல் வெண்மை, கூர்வளைவுப் புருவம், கறுப்பு வெள்ளைக் கோடிட்ட நீச்சலுடை ஆகியவை பிற அடையாளங்கள். துளையில்லாதது இரண்டாம் வகை. நீல விழி மூன்றாம் வகையில் வந்தது.

உடலில் பொறித்த ஆண்டைத் தயாரிப்பு ஆண்டாகக் கொள்வதே பலரும் செய்யும் பிழை. அது அச்சின் பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. முதுகில் 1966 என்றிருக்கும் பொம்மைகள் 1990களிலும் தயாராயின. தலையின் உட்புறக் குறி, தயாரிப்பு நாடு, முக வண்ணம் ஆகியவற்றையும் சேர்த்தே காலத்தைக் கணிக்க வேண்டும்.

மதிப்பை முடிவு செய்வது வயதைவிட நிலைமைதான். வெட்டிய கூந்தல், உலோகத் தோடு பட்டுப் பச்சையேறிய காது, தொலைந்த காலணி ஆகியவை விலையை வெகுவாகக் குறைக்கும். மூலப் பெட்டியுடன் கிடைத்தால் விலை பன்மடங்கு ஏறும்.