பெட்டிக்குள் அடைத்த மண்டபம்: ஸ்பிறிங் றிவேர்ப்பின் கதை

அறுபதுகளின் சேர்ஃப் இசையை எங்களில் கனபேர் கடற்கரையில் கேட்கவில்லை. 1994இல் வந்த 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தின் தொடக்கத்தில்தான் கேட்டம். டிக் டேலின் 'மிஸர்லூ' அது. அந்த வகை இசை எண்டதும் தண்ணி சொட்டுற மாதிரி, ஒரு பெரிய வெறும் மண்டபத்துக்குள் இருந்து வாற மாதிரி ஒரு கிற்றார் சத்தம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஈரத்துக்குப் பேர் ஸ்பிறிங் றிவேர்ப். டிக் டேல் கேட்டார், லியோ ஃபெண்டர் செய்து குடுத்தார், சேர்ஃப் இசை பிறந்தது எண்டு கதை சொல்லுவினம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் டேல் சேர்ஃப் இசையைத் தொடக்கி வைத்ததாகச் சொல்லப்படும் 1961ஆம் ஆண்டுப் பாட்டான 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்'இல் இந்த ஈரமே இல்லை. அதோட, டேல் முதலில் றிவேர்ப் வேணும் எண்டு நினைத்தது கிற்றாருக்காக இல்லை, தன்ரை குரலுக்காக. ஹமண்ட் ஓர்கனில் கேட்ட அந்த நீளும் ஒலி தன் குரலுக்கும் வேணும் எண்டதுதான் அவரின் ஆசை. அப்ப இந்தச் சுருள்கம்பி எங்கேயிருந்து வந்தது? அதைத் தேடிப்போனால் கடைசியில் இசைக்கே சம்பந்தமில்லாத ஒரு இடத்தில் போய் நிற்கிறம்: தொலைபேசி.

1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துக்கு ஒரு தலையிடி இருந்தது. தூர இடங்களுக்குப் பேசேக்கை, பேசுறவரின் குரல் மறுமுனையில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் பிந்தி அவரின்ரை காதிலேயே விழும். இதை ஆராய வேணுமெண்டால் குரலைப் பிந்த வைக்க வேணும். அதுக்காக ஆய்வுகூடத்துக்குள் ஆயிரம் மைல் கம்பியைச் சுத்தி வைக்க ஏலாது. சுருள்கம்பி ஒண்டின் ஒரு முனையை அசைத்தால் அந்த அசைவு மற்ற முனைக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தை நீண்ட தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாகப் பாவித்தார்கள். அவர்களுக்கு அது அழகான சத்தம் இல்லை, தீர்க்க வேண்டிய ஒரு குறைபாட்டின் மாதிரி.

அடுத்தது லோரன்ஸ் ஹமண்ட். 1935இல் சந்தைக்கு வந்த ஹமண்ட் ஓர்கனை உருவாக்கியவர். இவருக்கு ஓர்கன் வாசிக்கத் தெரியாது எண்டதும் வரலாறுதான். குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத சின்னச் சின்னத் தேவாலயங்கள் ஹமண்டை வாங்கின. வாங்கின பிறகுதான் விளங்கினது, குழாய் ஓர்கனின் கம்பீரத்தில் பாதி கட்டடத்தின்ரை எண்டு. உயரமான கல் மண்டபத்தில் ஒலி சுவரில் பட்டுப் பட்டுத் தேய்ந்துதான் அடங்கும். எங்கட ஊர்க் கிணத்தைக் குனிஞ்சு பார்த்துக் கூப்பிட்டவைக்கு இதைப் புதுசாச் சொல்லத் தேவையில்லை. கம்பளம் விரித்த, கூரை பதிஞ்ச மண்டபத்திலோ வீட்டு வரவேற்பறையிலோ அது நடக்காது. விசையை விட்டதும் சத்தம் பட்டெண்டு செத்துப்போகும்.

பணக்காரத் தேவாலயத்திடம் மண்டபம் இருந்தது, ஏழைத் தேவாலயத்திடம் இல்லை. விசயம் அவ்வளவுதான். பெல் ஆய்வுகூடத்தின்ரை சுருள்கம்பியை ஹமண்ட் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். அவரின் முதல் அமைப்பு கிட்டத்தட்ட நாலு அடி உயரம். கம்பிகளின் ஆட்டத்தை அடக்க எண்ணெய் நிரப்பின குழாய்களும் அதுக்குள் இருந்தன. பிறகு வீட்டு ஓர்கன்களுக்காகக் கழுத்து மாலை மாதிரித் தொங்குகிற ஒரு சின்ன அமைப்பு வந்தது. ஓர்கனில் கால் தட்டுப்பட்டாலே அது கலகலத்தது. அதையும் திருத்தி, 1960 அளவில், ஏறக்குறைய 17 அங்குல நீளமான ஒரு தகரப் பெட்டியாக அது சுருங்கியது. கிற்றார் உலகம் கையில் எடுத்தது இந்தப் பெட்டியைத்தான். அதே காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் நிலத்தடி எதிரொலி அறைகளையும், 1957இல் ஜேர்மனியில் இருந்து வந்த, 200 கிலோவுக்கு மேல் பாரமான இரும்புத் தகட்டு றிவேர்ப்பையும் பாவித்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வாசிக்கப் போகேலாது.

பெட்டிக்குள் என்ன நடக்குது? ஒரு முனையில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், அதுக்கு நடுவில் சுருள்கம்பியோடு பொருத்தின சின்னக் காந்தம். கிற்றாரின் மின்னோட்டம் வந்ததும் காந்தம் முறுக்குப்படும். அந்த முறுக்கு கம்பி வழியாக ஓடி, ஒரு விநாடியின் நூறில் மூண்டு நாலு பங்கு நேரத்தில் மறுமுனையை அடையும். அங்கே இன்னொரு காந்தமும் செப்புச் சுருளும் அதைத் திரும்ப மின்னோட்டமாக்கும். மிச்சம் தெறித்துத் திரும்பி ஓடி, பிறகும் வரும். வேறு வேறு தாமதமுள்ள இரண்டு மூண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தெறிப்புகள் ஒண்டோடொண்டு கலந்து 'மண்டபம்' ஆகிவிடும். கம்பியில் எல்லாச் சுருதியும் ஒரே வேகத்தில் ஓடாது. அதனால்தான் அந்தச் சொட்டுற சத்தம். உண்மையான மண்டபம் எதுவும் அப்படிச் சொட்டாது.

அம்பிளிபயரில் றிவேர்ப் சேர்க்கிறது எண்டால் தகரப் பெட்டியைப் பூட்டுறது மட்டும் இல்லை. கம்பியை ஆட்டக் கிற்றார் சிக்னலுக்குப் பலம் காணாது. அதுக்கு ஒரு வால்வும் குட்டி ட்ரான்ஸ்போமரும் வேணும். மறுமுனையில் வாறது மிக மெல்லிய சிக்னல், அதைத் தூக்கி எடுக்க இன்னொரு வால்வு வேணும். பிறகு மூல ஒலியோடு கலக்க வேணும். ஃபெண்டர் 1961இல் விட்ட தனி றிவேர்ப் பெட்டி இதுதான். கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி, மூண்டு குமிழ். அதே ஆண்டு அம்பெக் கொம்பனி றிவேர்ப்பை அம்பிளிபயருக்குள்ளேயே வைத்துவிட்டது. ஃபெண்டர் அப்படிச் செய்தது 1963இல், வைப்ரோவேர்ப்பில். ஆக, 'முதல்' எண்ட பட்டத்தையும் யோசித்துத்தான் குடுக்க வேணும்.

இண்டைக்கும் பழைய வால்வு அம்பிளிபயருக்கு றிவேர்ப் பூட்டுறவை அதே வழியில்தான் போகினம். தகரப் பெட்டியின் வெளியீட்டு முனையை மின் ட்ரான்ஸ்போமருக்குத் தள்ளி வைக்க வேணும், இல்லாட்டி பாட்டை விட இரைச்சல்தான் கேட்கும். பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிற்றருக்குள் ஆளைக் கொல்லுற மின்சாரம் இருக்கும் எண்டதையும் மறக்கப்படாது.

ஹமண்டின் பொறியியலாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட அந்தக் கலகலப்பு பிறகு இன்னொரு தீவில் இசையானது. ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் றேடியோ திருத்துற தொழில் செய்த ஒஸ்போர்ன் ருட்டொக், உலகம் அறிந்த பேர் கிங் டப்பி, எழுபதுகளில் தன்ரை சின்ன வீட்டு ஸ்ரூடியோவில் பாட்டுகளைக் கழட்டிப் பூட்டி 'டப்' இசையைச் செய்தார். றிவேர்ப் பெட்டியைத் தட்டினால் இடி முழங்கும். அந்த இடியை அவர் பாட்டுக்குள்ளேயே விட்டார். பெரிய மண்டபமும் இல்லை, பெரிய ஸ்ரூடியோவும் இல்லை. இருந்தது ஒரு பெட்டியும் அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச கையும்.

கை எண்டதும் சொல்லாமல் விட ஏலாத ஒண்டு இருக்கு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மில்ட்டன் எண்டொரு சின்ன ஊர். அங்கே இயங்கின ஓ.சி. எலெக்ட்ரோனிக்ஸ் செய்த றிவேர்ப் பெட்டிகளின் லேபிளில், இது மில்ட்டனின் அழகான பெண்கள் செய்தது எண்ட கருத்தில் ஒரு பகிடி வரி அச்சடித்திருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் பார்த்துச் சிரிச்சுப் படம் எடுத்துப் போடுவினம். எங்களுக்கு அவ்வளவு சிரிப்பு வரேல்லை. மயிர் போன்ற கம்பியைக் கொளுவி, அரிசியளவு காந்தத்தைச் செருகி, நாள் முழுக்கக் குனிஞ்சிருந்து செய்யிற வேலை அது. அவையின்ரை அழகு லேபிளில் ஏறினது, பேர் ஏறேல்லை.

ஃபெண்டர் தொழிற்சாலையிலும் வயரிங் வேலையில் இருந்தவை பெரும்பாலும் பெண்கள், அவர்களில் கனபேர் மெக்சிக்க வழிவந்தவர்கள். பழைய அம்பிளிபயர்களின் உட்புறத்தில் ஒட்டுநாடாத் துண்டில் கையால் எழுதின ஒரு பெண்ணின் பேர் இருக்கிறது உண்டு. 1956இல் அங்கே சேர்ந்து கிற்றார் பிக்கப் சுத்தின அபிகேல் இபாராவுக்கு மட்டும் பிற்காலத்தில் பேர் கிடைத்தது. மற்றவையின்ரை பேர் இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்குது.

அதனால்தான் 'டேல் கேட்டார், ஃபெண்டர் செய்தார்' எண்ட கதையோடு எங்களுக்குச் சண்டை. அவர்களின் பங்கை நாங்கள் குறைக்கேல்லை. ஆனால் தொலைபேசி ஆய்வுகூடம், சின்னத் தேவாலயம், மில்ட்டனின் தொழிற்சாலை மேசை, கிங்ஸ்ரனின் றேடியோ கடை எல்லாம் சேர்ந்து செய்த ஒண்டை இரண்டு ஆம்பிளையளின் பேச்சுவார்த்தையாகச் சுருக்கினால் அது வரலாறு ஆகாது, விளம்பரம்தான். அடுத்த முறை அந்த ஈரமான கிற்றாரைக் கேட்கேக்கை, அந்த மண்டபத்தைக் கட்டினது யார் எண்டும் ஒருக்கால் யோசியுங்கோ.