ஒன்றே முக்கால் ரூபாய்க் கடன்

தாம்பரத்திலிருந்து ஒரு சிற்றேடு நடத்தி, சந்தா பாக்கிக்காகத் தபால் அட்டை எழுதிப் பழகியவன் நான். ஆகவே 'ஹிந்து' பிறந்த கதையில் வீரத்தைவிடக் கணக்குத்தான் என்னை நிறுத்துகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் 1878இல் நியமிக்கப்பட்டபோது வெள்ளையர் பத்திரிகைகள் எதிர்த்தன. அவரை ஆதரித்து எழுத, திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20இல் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அவ்வளவு சின்னக் கடன் யாருடைய வாயையும் கட்டாது.

பத்திரிகை வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889இல் விதவை மகளுக்கு மறுமணம் செய்வித்தார். சர்க்காரைத் தாக்கியபோது ரசித்த வாசகர்களில் பலருக்கு, அவர் தங்கள் வீட்டு வழக்கத்தைத் தாக்கியது பொறுக்கவில்லை. 1898இல் கூட்டாளி வீரராகவாச்சாரியாரைப் பிரிந்து, தாம் 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னோடு வெளியேறினார். 1905இல், பிரதிகள் 800ஆகச் சுருங்கியிருந்த 'ஹிந்து'வை கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

பத்திரிகையை அடக்குவது அரசும் பணக்காரனும் மட்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சந்தா கட்டுகிறவனும் அடக்குகிறான். கட்டாதவன் ஓசையில்லாமல் அடக்குகிறான்.