பார்னார்டு கணக்கை ஆக்சஸில் ஏற்றுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். எந்த ஊரில் எவ்வளவு விளையுது, அதில் யார் யாருக்குப் பங்கு என்பது கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாமஸ் பார்னார்டு என்ற இன்ஜினியரை வைத்து 1767 முதல் 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 2,000 ஊர்கள். ஏரி எத்தனை, கோயில் எத்தனை, எந்தத் தொழில்காரருக்கு எத்தனை வீடு, நஞ்சை, புஞ்சை, மானியம், களத்தில் நெல் அளக்கும்போது யாருக்கு எவ்வளவு மேரை, எல்லாம் அதில் உண்டு. தரம்பால் எழுதிய பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் சுகாசா மிசுஷிமா இதையும் பிற்காலக் கிராமப் பதிவுகளையும் கணினியில் ஏற்றி, வரைபடத்தோடு இணைத்தே ஆய்வு செய்தார்.

இப்போ வீட்டுக் கணினியில் ஆக்சஸ் இருந்தா நாமும் ஒரு சின்ன டேட்டாபேஸ் கட்டிவிடலாம். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர்களை மட்டும் வைத்து நான் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை எங்கே இடறும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் சிக்கல் ஊர்ப்பெயர். மாமல்லபுரம், மகாபலிபுரம், மாவலிவரம், கடல்மல்லை, பழைய கப்பல்காரர்கள் சொன்ன செவன் பகோடாஸ்: ஒரே ஊர். கோவளம் ஆங்கில ஆவணத்தில் கோவ்லாங், சதுரங்கப்பட்டினம் சட்ராஸ். பெயரையே பிரைமரி கீயாக வைத்தால் கதை முடிந்தது. ஊருக்கு ஒரு வெறும் எண் கொடுங்கள். பெயர்களெல்லாம் தனி டேபிளில், எந்த ஆவணத்தில் எந்த எழுத்துக்கூட்டு என்பதோடு இருக்கட்டும்.

மாவட்டத்தையும் ஊர் டேபிளில் எழுதாதீர்கள். சோழர் காலத்தில் மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாடு. பிறகு ஜாகீர், பிறகு செங்கல்பட்டு ஜில்லா, பிறகு செங்கை எம்ஜிஆர் மாவட்டம், 1997 ஜூலையில் காஞ்சிபுரம், 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு. ஊர் நகரவே இல்லை, மேலே இருக்கிற பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கு. ஊர் எண், நிர்வாகப் பிரிவு, எப்போதிலிருந்து, எப்போது வரை என்று நாலு ஃபீல்டில் தனி டேபிள் போட்டால் போதும்.

பெயர் விஷயத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு. பார்னார்டு கணக்கு அதற்கு முந்தைய சித்திரம். லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த 1790களின் கணக்கு பிந்தையது. இரண்டையும் ஜாயின் பண்ணிப் பார்த்தால் பாழான ஊர்கள் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஆக்சஸ் தானாகப் போடும் ஜாயின் இன்னர் ஜாயின். இரண்டு பக்கமும் பொருந்தாத ஊரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். லெஃப்ட் ஜாயினுக்கு மாற்றினால் அந்த ஊர் எதிரில் வெற்றிடத்தோடு வரும். அந்த வெற்றிடம் போரால் வந்ததா, குமாஸ்தாவின் எழுத்துக்கூட்டால் வந்ததா? ஃபைண்ட் அன்மேட்ச்ட் க்வெரி விஸார்டை ஓட்டி, வருகிற பட்டியலை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் தீரணும். இல்லைன்னா ஒரு எழுத்துப்பிழைக்காக ஒரு ஊரையே ஹைதர் கணக்கில் எழுதிவிடுவோம்.

இதே மாதிரிதான் பூஜ்யமும் காலியும். ஏரி இல்லை என்றால் 0. ஆவணத்தில் அந்த இடமே எழுதப்படவில்லை என்றால் நல். சராசரி எடுக்கும்போது ஆக்சஸ் நல்லை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். காலி இடத்தையெல்லாம் பூஜ்யமாக நிரப்பினால் சீமையே ஏழையாகத் தெரியும். இன்னொன்று, இரண்டு ஃபீல்டைக் கூட்டும்போது ஒன்று நல்லாக இருந்தால் மொத்தமும் நல். அதற்கு ‘என்இசட்’ ஃபங்ஷன் இருக்கு. ஆனால் அதைக் கணக்கிடும் க்வெரியில் மட்டும் பயன்படுத்துங்கள், மூல டேபிளில் கை வைக்க வேண்டாம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த இடம், காணி. இந்தச் சொல்லுக்கு நம் ஆவணங்களில் மூன்று பொருள். நில அளவு: செங்கல்பட்டு வழக்கில் 24 அடிச் சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். பின்னம்: 1/80. உரிமை: காணியாட்சி, கம்பெனி மொழியில் மிராசி. ‘காணி’ என்று ஒரே ஃபீல்டு வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது எது என்று நமக்கே புரியாது. நில_குழி, பங்கு_பின்னம், உரிமை_வகை என்று பிரித்து வைப்பது நல்லது.

பின்னத்தை டெசிமலாக அடிக்காதீர்கள். ஒரு மா 1/20, அதாவது 0.05. கணினியின் இரும எண்ணில் இது முழுசாக அடங்காது. டபுள் வகை ஃபீல்டில் இருபது மாவைக் கூட்டினால் சரியாக 1 வராமல் மயிரிழை பிசகும். பிறகு “மொத்தப் பங்கு 1க்குச் சமமா” என்று க்வெரி கேட்டால் சரியான ஊர்கூடத் தப்பென்று வரும். நம் முன்னோர் முறையிலேயே இதற்கு மருந்து இருக்கு. முந்திரி என்பது 1/320. அதை ஒன்று என்று வைத்தால் காணி 4, மா 16, மாகாணி 20, கால் 80, அரை 160, முழுசு 320. எல்லாம் முழு எண், லாங் இன்டிஜர் போதும். கீழ்முந்திரி வரை போகிற கணக்கென்றால் முழுசு 1,02,400. அப்போது லாங் இன்டிஜரில் சுமார் 20,900 முழுசு வரைதான் இடம், பெரிய தொகைகளுக்கு டெசிமல் வகை வேண்டும்.

எக்செல் வழியாக ஏற்றுகிறவர்கள் கவனிக்க: 1/2 பங்கு என்று அடித்தால் அது தேதியாக மாறி உட்கார்ந்துவிடும். கல்வெட்டு எண் 5/1932 என்றாலும் அதே கதி. அடிப்பதற்கு முன்பே காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். எக்செலின் நாட்காட்டி 1900இல்தான் தொடங்குது, 1767 அதற்குத் தேதியே இல்லை. ஆக்சஸ் கி.பி. 100 வரை ஏற்கும்.

தமிழ் எழுத்தில் ஒரு தொல்லை. ‘கோவளம்’ என்பதை ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் அடிக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை கலந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான். ‘லென்’ ஃபங்ஷன் போட்டால் ஒன்று 6, மற்றது 7 என்று காட்டிக்கொடுத்துவிடும். தேடினால் ஊர் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். விபிஏ எடிட்டருக்குள் தமிழை நேரடியாக ஒட்டினாலும் கேள்விக்குறிகளாகத்தான் வரும். வேண்டிய சொற்களை ஒரு டேபிளில் வைத்து எடுங்கள், ஒற்றை எழுத்தென்றால் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ போதும். 2965 என்று கொடுத்தால் க.

கோப்பு திறக்காமல் முரண்டு பிடித்தால், பக்கத்தில் எல்ஏசிசிடிபி என்று முடியும் பூட்டுக்கோப்பு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஆக்சஸை எல்லோரும் மூடிவிட்டார்கள் என்று உறுதியானால் அதை நீக்கலாம். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுவதற்கு முன் கட்டாயம் ஒரு நகல். ஓலைப் படங்களை டேபிளுக்குள்ளேயே ஏற்றவும் வேண்டாம், ஆக்சஸ் கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கட்டும், டேபிளில் கோப்பின் பெயர் மட்டும்.