மணியோசையும் மின்பொறியும்

பெரிய துணிக்கடை ஒன்றில் 20 பிரிவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு நேரே இணைக்க 190 இணைக் கம்பிகள் வேண்டும். நடுவில் ஓர் இணைப்பகம் வைத்தால் 20 இணைகளே போதும். கடைக்குள் இயங்கும் தொலைபேசியின் அடிப்படை இதுதான். 1882-இல் சென்னையில் திறக்கப்பட்ட பொது இணைப்பகத்தின் தத்துவமும் இதுவே.

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தின் பட்டாசு ஆலைகளிலும் வேலை தனித்தனி அறைகளில் நடக்கிறது. கடையிலுள்ள கருவியை அங்கே மருந்து கலக்கும் அறையில் மாட்டலாமா? கூடாது. காரணத்தை வரலாறு சொல்கிறது.

1913 அக்டோபர் 14 அன்று வேல்சில் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர் மாண்டனர். காரணம் உறுதிப்படவில்லை. ஆயினும் சுரங்கத்தில் சைகை கொடுக்கப் பயன்பட்ட மின்மணிக் கம்பிகள்மீது ஐயம் எழுந்தது. மின்கலங்களின் குறைந்த அழுத்தம் தீங்கற்றது என்றே அதுவரை நம்பியிருந்தனர். வீலர், தார்ன்டன் ஆகியோரின் ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. மணியின் கம்பிச்சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. மின்சுற்று அறுபடும் கணத்தில் அது பொறியாகப் பாய்கிறது. அப்பொறி சுரங்க வாயுவைப் பற்றவைக்கும்!

பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றல் சேராதபடி மின்சுற்றை அமைக்கும் முறை இவ்வாறு பிறந்தது. வாயுவைப் போலவே பட்டாசு மருந்துக்கும் ஒரு சிறு பொறி போதும். பழைய மணித் தொலைபேசியிலோ மணியடிக்கச் சுமார் 75 வோல்ட் மாறுமின்னழுத்தம் செல்கிறது.

ஆகவே கடைக்கு ஏற்ற கருவி ஆலைக்கு ஏற்றதாகிவிடாது. “எத்தனை வோல்ட்?” என்று மட்டும் கேளாதீர்கள், “எவ்வளவு ஆற்றல் சேர்கிறது?” என்றும் கேளுங்கள். உயிர்காக்கும் கேள்வி அதுவே.