வாய்க்கால் எதுவரை நீண்டது?

சென்னையிலிருந்து வாய்க்கால் ஒன்று புதுச்சேரி நகர்வரை நீள்வதாகச் சொல்லித்தான் பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ தொடங்குகிறது. 1938இல் வந்த முதல் தொகுதியில் இருக்கிற கவிதை. இந்தத் தொடக்கம் நம்மில் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பக்கிங்காம் கால்வாய் புதுச்சேரிக்கு வரவே இல்லை. மரக்காணம் உப்பளங்களோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நம்ம ஊருக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். இடையில் கழுவெளி, அப்புறம் பிரெஞ்சு எல்லை.

தகவல் பிழை என்று சொல்லிட்டுப் போயிடலாம். ஆனால் வாய்க்காலைத் தன் ஊர்வரை இழுத்து வந்த பிரதி எதை வெளியே நிறுத்தியது என்பதே என் கேள்வி.

1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சுங்கம் வசூலிக்கத் தோண்டிய உப்புநீர்க் கால்வாய்தான் தொடக்கம். பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. கடலுக்கு இணையாகப் போகும் கால்வாய், கடலுக்குள் போகும் ஆறுகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஆறு தேங்கும்; வெள்ளத்தில் உடைத்துக்கொண்டால் மட்டம் சட்டென்று இறங்கும். ஓதம் வேறு. அதற்காகத்தான் ஆற்றோரங்களில் ‘லாக்’ கட்டினார்கள். இரண்டு ஜோடிக் கதவு, நடுவே தொட்டி. தோணி உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். தொட்டி நீரை ஆற்று மட்டத்துக்கு ஏற்றியோ இறக்கியோ சமமாக்கிய பிறகே முன்கதவு திறக்கும். அதுவரை தோணிக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம். வெட்டியவர்கள் பஞ்சக் கூலிகள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் இருந்த ஆண் ஒருவருக்கு நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அதை வைத்துக்கொண்டு மண் வெட்ட முடியாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். வாய்க்காலுக்குக் கிடைத்த பெயரோ அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது.

கரையில் கயிறு இழுப்பவனையும் கழி ஊன்றுபவனையும் பாரதிதாசன் பார்த்துவிட்டார். நிலவையும் நீரையும் ரசித்துக்கொண்டு போன தோணியில் உட்கார்ந்தபடி அவர்கள் உழைப்பைப் பார்த்தது சாதாரண விஷயமில்லை. அன்றைய தமிழ்க் கவிதையில் அது பெரிய உடைப்பு. ஆனால் பார்வை தண்ணீர்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. வாய்க்காலைத் தோண்டியவன் பிரதிக்குள் வரவே இல்லை. அறுபது வருஷத்துக்குள் அவன் இயற்கையோடு இயற்கையாகிவிட்டான்.

இத்தனைக்கும் கவிஞரின் ஊரிலேயே ஒரு பெரிய வாய்க்கால் உண்டு. செஞ்சி சாலைக்கும் அம்பூர் சாலைக்கும் நடுவே கிடக்கிறதே, அதுதான். கிழக்கே வெள்ளை நகர், மேற்கே கறுப்பு நகர். அதில் லாக் கிடையாது, இரு பக்கத்தையும் சமப்படுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. சாக்கடையாகிப்போன அதைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறோம்.

2008இல் நாடாளுமன்றம் காக்கிநாடா முதல் புதுச்சேரிவரையிலான கால்வாய்களையும் கழுவெளி ஏரியையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று சட்டம் இயற்றியது. கவிதைக்குப் பிறகு காகிதத்தில் இரண்டாவது முறை. சென்னையில் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது. லாக் என்ற சொல் மட்டும் கோட்டூர்புரத்தில் லாக் தெரு என்றும், சேப்பாக்கத்தில் குடிசைகளின் பெயராக லாக் நகர் என்றும் தங்கிவிட்டது.