அப்புச்சி நட்ட மரங்கள்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியலை. (யாருப்பா அது, "நிம்மதியா இருந்தோம்"னு முணுமுணுக்கறது?) இன்னிக்கு வழக்கமான மொக்கை கிடையாது மக்களே. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் குடும்பக் கதை. பொறுமையாப் படிங்க.

போன மாசம் என் அப்புச்சியை நீலகிரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அம்மாவோட அப்பாவைக் கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எண்பதைத் தொடப் போறார். "நான் நட்ட மரத்தை ஒருக்கா பாத்துப்போடோணும் கண்ணு"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தார். 1970களின் ஆரம்பத்தில் காரமடையிலிருந்து ஒரு கூட்டமா மலையேறி, குந்தா பக்கம் தினக்கூலிக்குக் கற்பூர மரக் கன்று நட்டவர் அவர். கீழே நாம தைல மரம், யூகலிப்டஸ்னு சொல்றோமே, அதேதான். "பத்தாயிரம் மரம் இந்தக் கையில நட்டிருக்கேன்"னு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆரம்பிச்சுடுவார்.

கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுட்டுப் போகலாமேன்னு உட்கார்ந்தேன். வினையே அங்கதான் ஆரம்பிச்சது.

1819-ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தப்போ, மேல்மலை முழுக்க அடர்ந்த காடா இல்லை. அலை அலையாப் புல்வெளி. ரெண்டு குன்று சேர்ற மடிப்பில் மட்டும் சோலைக்காடு. அதுக்கும் கீழே பள்ளத்தில் சதுப்பு. தோடர்களோட எருமைகள் மேய்ஞ்சது அந்தப் புல்வெளியில. அவங்க வீட்டுக்குக் கூரை வேய்ஞ்சது சதுப்பில் வளர்ற புல்லை வெச்சு. படகர், கோத்தர், குறும்பர்னு மத்தவங்களும் இருந்தாங்க. ஆக, அது ஆளில்லாத இடமும் இல்லை, சும்மா கிடந்த இடமும் இல்லை.

1820களில் சல்லிவன் ஓடைகளைத் தடுத்து ஊட்டி ஏரியை உண்டாக்கினார். பின்னாடியே பங்களாக்கள், அப்புறம் வெலிங்டனில் பட்டாளம். குளிர் காய விறகு வேணுமே? பக்கத்துச் சோலைகளில் கோடாலி விழுந்தது. சோலை மரமோ மெதுவா வளர்ற சாதி. வெட்டற வேகத்துக்கு ஈடு கொடுக்க ஆஸ்திரேலியா மரங்களைக் கொண்டு வந்தாங்க. 1843-ல கற்பூர மரம் வந்தது. சீகை மரமும் (இங்கிலீஷ்ல வாட்டில்) அதை ஒட்டிய காலத்திலேயே வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தில் மரம் இருந்தா காடு, பயிர் இருந்தா வயல், ரெண்டும் இல்லைன்னா தரிசு. புல்வெளி அந்த மூணாவது கட்டத்தில் விழுந்துச்சு. அவன் போன பிறகு நாமளாவது அந்தக் கட்டத்தை மாத்தினோமா? இல்லை. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தப்போ ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேணும், தோல் பதனிடப் பட்டை வேணும். 'தரிசுல' மரம் நட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு மலை மலையா நட்டுத் தள்ளினாங்க. நட்ட கைகளில் ரெண்டு அப்புச்சியோடது.

வேடிக்கை என்னன்னா, அதே காலத்தில் அதே மலையோட தண்ணியை நம்பித்தான் மத்த எல்லாமே நடந்துக்கிட்டு இருந்தது. பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓட ஆரம்பிச்சாச்சு. 1950களிலும் 60களிலும் கனடா உதவியோட குந்தா நீர்மின் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானின்னு வரிசையா அணைகள். கீழே 1955-ல முடிஞ்ச பவானிசாகர். அதோட கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கு. அதில் ஒரு மூணு ஏக்கர் எங்க அப்பா வழி நிலம், கடைமடையில. ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணி, அடுத்தது இரட்டைப்படைக்கு. எங்க முறை வர்றப்போ அணையில் தண்ணி இருக்கணுமேங்கறதுதான் எங்க அப்பாரோட ஆயுள் முழுக்க இருந்த கவலை. அதாவது, ஒரு தாத்தா ஆத்தோட தலைமாட்டில் மரம் நட்டுக்கிட்டு இருந்தார், இன்னொரு தாத்தா கால்மாட்டில் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருந்தார். இது ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டான்னு எங்க வீட்டில் யாரும் யோசிச்சதே இல்லை.

யோசிச்சவங்க வேற இடத்தில் இருந்தாங்க. ஊட்டியில் இருக்கிற மத்திய அரசோட மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரங்க, 1968-ல பைக்காரா பக்கம் கிளன்மார்கனில் ஒரு சோதனையைத் தொடங்கினாங்க. அடுத்தடுத்து ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி, ஒவ்வொண்ணும் சுமார் 32 ஹெக்டேர். முதல் சில வருஷம் எதையும் தொடாம ரெண்டு ஓடையிலும் எவ்வளவு தண்ணி வருதுன்னு மட்டும் அளந்தாங்க. 1972-ல ஒண்ணில் மட்டும் புல் இருந்த இடத்தில் கற்பூர மரம் நட்டாங்க. சோலையையும் சதுப்பையும் விட்டுட்டாங்க. இன்னொரு பகுதி அப்படியே புல்வெளி. பொட்டி தட்டுற நம்ம பாஷையில் சொன்னா, பக்கா 'ஏ/பி டெஸ்ட்'. என்ன, முடிவு வர இருபது வருஷம் ஆகும், அவ்வளவுதான் :-)

முதல் பத்து வருஷத்தில், மரம் நட்ட பக்கத்து ஓடையில் வருஷத் தண்ணி சராசரியா 16 சதவீதம் குறைஞ்சது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விட்டாங்க. வேர் ஏற்கனவே கீழே தயாரா இருக்கே! அடுத்த பத்து வருஷத்தில் அந்தக் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது.

காரணம் பெரிய ராக்கெட் ரகசியம் இல்லை. மலைப்புல்லுக்கு இலையும் குறைவு, வேரோட ஆழமும் குறைவு. உறைபனிக் காலத்தில் கருகிப் போயிடும், அப்போ தண்ணி குடிக்காது. மிச்சத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி, சதுப்புக்கு வந்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். கற்பூர மரம் வருஷம் பூராவும் பச்சை. ஆழமா வேர் விட்டு உறிஞ்சி, இலை வழியா வானத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும்.

கிளன்மார்கன் பக்கத்துத் தண்ணி மாயாறு வழியா பவானிசாகருக்குத்தான் வருது. அதுக்காக எங்க மதகில் தண்ணி குறைஞ்சதுக்கு இந்த மரம்தான் காரணம்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன். சின்ன ஓடையில் அளந்ததை அப்படியே ஒரு ஆத்துக்கே பெருக்கிப் போட முடியாது. மழையும் இருக்கு, கீழே ஆயிரம் மோட்டாரும் இருக்கு. ஆனா கணக்கில் இப்படி ஒரு வரி உண்டுங்கறதை இனிமே மறைக்க முடியாது.

"சரிப்பா, மரம் கார்பனைப் பிடிச்சு வெக்குதே, பூமிக்கு நல்லதுதானே?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 1993-ல 'நேச்சர்' இதழில் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நாலு பேரும் சேர்ந்து எழுதின ஒரு கட்டுரை. நீலகிரிச் சதுப்பில் தோண்டி, அடுக்கடுக்கா இருக்கிற பாதி மட்கின கருப்பு மண்ணை எடுத்து, அதில் இருக்கிற கார்பனை ஆராய்ஞ்சாங்க. புல் விட்டுட்டுப் போற கார்பனுக்கும் மரம் விட்டுட்டுப் போறதுக்கும் வித்தியாசம் உண்டு. அதை வெச்சு 20,000 வருஷ வரலாற்றையே படிச்சாங்க. தட்பவெப்பம் மாற மாற, சில காலம் புல் ஓங்கியிருக்கு, சில காலம் மரம். ஆனா புல்வெளி தோடர்கள் வந்து காட்டை எரிச்சதால உண்டானது இல்லை, அதுக்கு ரொம்ப முந்தினது.

அந்தக் கட்டுரையில் எனக்கு உறைச்சது வேற. இத்தனை ஆயிரம் வருஷத்துக் கார்பன் அந்தச் சதுப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கே, எப்படி? தண்ணி தேங்கி நிக்கறதால காத்து உள்ளே போகாது. காத்து இல்லாததால முழுசா மட்காது. தண்ணிதான் அந்தப் பெட்டிக்குப் பூட்டு. மரம் நட்டோ, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட வாய்க்கால் வெட்டி வடிச்சோ, சதுப்பைக் காய வெச்சா பூட்டு திறந்துடும், கார்பன் காத்துக்குப் போயிடும். மரத்தில் சேர்ந்த கார்பனோ, பத்து வருஷத்தில் கூழாவோ விறகாவோ மாறி அதுவும் கிளம்பிடும். தண்ணிக் கணக்கும் கார்பன் கணக்கும் ஒரே நோட்டுப் புத்தகம். நாம ஒரு பக்கத்தை மட்டும் படிச்சுட்டு வரவுன்னு எழுதிட்டோம்.

இதையெல்லாம் மண்டையில் ஏத்திக்கிட்டுத்தான் அப்புச்சி பக்கத்தில் நின்னேன். குந்தா பக்கத்து மலைச்சரிவு, நெடுநெடுன்னு மரங்கள், கீழே சருகு மெத்தை, தைல வாசனை. அவர் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். நான் நட்டது இதுவா இருக்காது, வெட்டினதில் துளிர்த்ததா இருக்கும்னார். சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சு, கடைசியில் சொல்லிட்டேன். 16 சதவீதம், 25 சதவீதம், சதுப்பு, எல்லாம்.

கோவிச்சுக்கலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார். "நட வந்தப்ப அந்தப் பள்ளத்துல கால வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகும் கண்ணு. பங்குனியிலயும் ஓடை ஓடும். அதுலதான் சோத்துப் போசி கழுவுவோம். ஏழெட்டு வருசம் கழிச்சு மரம் வெட்ட வந்தப்ப, குடிக்கத் தண்ணி கீழருந்து தூக்கிட்டு வந்தோம். எங்களுக்குத் தெரியும். எங்களை யாரு கேட்டா?"

இருபது வருஷம் அளந்து கண்டுபிடிச்சதைச் சோத்துப் போசி கழுவினவர் சாதாரணமாச் சொல்லிட்டார். ஆனா அளந்தவங்க இல்லைன்னா இதை யாரும் நம்பியிருக்கவும் மாட்டாங்க. ரெண்டும் வேணும்.

1988-ல வந்த தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்கு மரம் வளர்க்கிறதை விட இயற்கைச் சமநிலைதான் முக்கியம்னு சொன்னது. ஆனா அதுக்குள்ள நிறைய போயிடுச்சு. செயற்கைக்கோள் படங்களை வெச்சுப் பார்த்ததில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளில் 1970களிலிருந்து 2017 வரை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெளிநாட்டு மரங்களுக்குப் போயிருக்கு. 2022-ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா சீகையை வெட்டினா, மண்ணில் வருஷக்கணக்காத் தூங்கற விதையெல்லாம் ஒண்ணா முளைக்கும். என்ன பண்ணுதுன்னே தெரியாத பழைய கோடை எவனோ ஒருத்தன் அழிச்சுட்டான், இப்போ பேக்கப்பும் இல்லை. நம்ம ஆளுங்களுக்கு அந்த வலி புரியும்.

திரும்பி வர்றப்போ கார்ல அப்புச்சி தூங்கிட்டார்னு நினைச்சேன். திடீர்னு கேட்டார். "இந்த மரத்தைப் பிடுங்கிட்டு மறுக்கா புல்லு நடறாங்களாமே, அதுக்குக் கூலி எவ்வளவாம்?"

டிஸ்கி: நீலகிரிப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க ஊர் ஓடை முன்னாடி எந்த மாசம் வரைக்கும் ஓடும், இப்போ எந்த மாசம் வரைக்கும் ஓடுதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு ஒரு வரி போடுங்க. கேட்காம விட்டா அவங்களும் சொல்ல மாட்டாங்க.